லாபத்துக்குத் தள்ளுபடி, டீசலுக்கு வரி

முதலாளி நன்றாக இருந்தால்தான் தொழிலாளி நன்றாக இருப்பான் என்ற வாக்கியத்தை டீக்கடையிலும் கேட்கலாம், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கலாம். பணம் படைத்தவர்களிடம் வரியைக் குறைத்து வாங்கினால் மிச்சத்தை அவர்கள் தொழிலில் போடுவார்கள். தொழில் பெருகினால் வேலை பெருகும். வேலை பெருகினால் அரசின் வருவாயும் தானாகப் பெருகும். இப்படி விரித்துச் சொல்வார்கள். பெருநிறுவனத்தின் தலைவர் இதைச் சொன்னால் அது அவர் நலன், புரிந்துகொள்ளலாம். மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் எழுத்தரும், இந்தச் சலுகையில் ஒரு பைசாகூடப் பார்க்காத லேத் பட்டறைக்காரரும் இதையே சொல்லும்போதுதான் மனம் பொறுக்கவில்லை. தங்கள் பையிலிருந்து போன பணத்துக்குத் தாங்களே நியாயம் கற்பிக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. அதைக் காட்டப் பொருளியல் பாடநூலைப் புரட்ட வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, நம் பணத்தை வைத்து, மிகப் பெரிய அளவில் அது சோதிக்கப்பட்டுவிட்டது.

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. கோவாவில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடவிருந்த நாள். கூட்டத்துக்கு முன்பாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் செய்தியாளர்களைச் சந்தித்தார். இயங்கிவரும் நிறுவனங்கள் மற்ற வரிச்சலுகைகளை விட்டுவிட்டால் அவற்றுக்கான கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறையும் என்றார். செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 34.94 சதவீதம் 25.17 ஆனது. அந்த அக்டோபர் 1 முதல் புதிதாகத் தொடங்கப்படும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம்தான். அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அரசே கணக்குச் சொன்னது. இவ்வளவு பெரிய முடிவு நாடாளுமன்றத்தில் ஒரு நிமிடம்கூட விவாதிக்கப்படாமல் அவசரச் சட்டமாக வந்தது. அன்று சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் ஏறியது. மறுநாள் நாளிதழ்கள் அதைத் தீபாவளிப் பரிசு என்று கொண்டாடின.

அந்த நேரத்தில் நாடு எந்த நிலையில் இருந்தது? ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வளர்ச்சி 5 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கார்களும் இருசக்கர வாகனங்களும் விற்பனையகங்களில் தேங்கிக் கிடந்தன. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் விற்பனைகூடச் சரிகிறது, ஆட்குறைப்பு செய்ய நேரலாம் என்று பார்லே நிறுவன அதிகாரி ஒருவர் ஆகஸ்டில் சொன்னார். கிராமங்களில் மக்கள் செலவழிப்பது குறைந்துவிட்டதாகக் காட்டிய 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை 2019 நவம்பரில் அரசு வெளியிடாமல் கைவிட்டது. தொழிற்சாலைகள் தங்கள் உற்பத்தித் திறனில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன என்பது ரிசர்வ் வங்கியின் காலாண்டு ஆய்விலேயே இருக்கிறது.

ஆக, இருக்கிற இயந்திரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வேலை இல்லை. பொருளை வாங்க ஆள் இல்லை. இந்த நிலையில் வரியைக் குறைத்தால் எந்த முதலாளி புது இயந்திரம் வாங்குவார்? கோவையில் பம்ப்செட் செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஆர்டர் குவிந்து, இரண்டு ஷிப்ட் ஓட்டியும் அனுப்ப முடியவில்லை என்றால் கடன் வாங்கியாவது அடுத்த மெஷினைப் போடுவார். ஆர்டர் இல்லையென்றால் வரியே இல்லை என்று அறிவித்தாலும் போடமாட்டார். அவர் பேராசைக்காரர் என்பதால் அப்படி நடந்துகொள்வதில்லை. தொழில் தெரிந்தவர் என்பதால் நடந்துகொள்கிறார்.

வரி எதன்மேல் விழுகிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. தொழிலாளிக்குக் கூலி கொடுத்து, மூலப்பொருள் வாங்கி, வட்டி கட்டி, மெஷின் தேய்மானத்தையும் கழித்த பிறகு மிஞ்சும் லாபத்தின்மேல்தான் கார்ப்பரேட் வரி. புதிதாக ஓர் ஆளை வேலைக்கு எடுத்தால் அவருடைய சம்பளம் முழுவதும் செலவுக் கணக்கில் போய்விடும். அதன்மேல் இந்த வரி கிடையாது. எனவே வரி அதிகமாக இருப்பதால் ஆள் எடுக்க முடியவில்லை என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. ஏற்கெனவே லாபம் பார்த்தவருக்கு, அந்த லாபத்தில் இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள் என்று சொல்வதுதான் வரிக்குறைப்பு. தடுமாறும் நிறுவனத்துக்கு அதனால் எதுவும் கிடைக்காது.

மறைமலை நகரில் இது கண்ணெதிரே நடந்தது. வரி குறைக்கப்பட்டு இரண்டு ஆண்டுகூட ஆகாத 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. 2022இல் மறைமலை நகர்த் தொழிற்சாலையின் ஓட்டம் நின்றது. நட்டத்தில் இருக்கும் கம்பெனிக்கு 30 சதவீத வரியும் ஒன்றுதான், 22 சதவீத வரியும் ஒன்றுதான், கட்டவேண்டியது பூஜ்யம். இதற்கு நேர்மாறாக, ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் கால்பதித்த 1996இல் நம் நாட்டு நிறுவனங்களுக்கான கார்ப்பரேட் வரி 40 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ் வேறு. மாநில அரசு சலுகைகள் தந்தது உண்மைதான். ஆனாலும் அவர்களை இழுத்துவந்தது காருக்குக் காத்திருந்த ஒரு சந்தை, சென்னைத் துறைமுகம், பாலிடெக்னிக் படித்த இளைஞர்கள். இந்தத் துறைமுகமும் பாலிடெக்னிக்கும் வரிப்பணத்தில் உருவானவை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, 2019இல் விட்டுக்கொடுத்த பணம் யாருக்குப் போனது? அந்த ஜூலை மாத பட்ஜெட்டிலேயே, ஆண்டு விற்றுமுதல் 400 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனங்களுக்கு 25 சதவீத வரிதான் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நாட்டின் நிறுவனங்களில் 99.3 சதவீதம் இதற்குள் அடங்கிவிடும் என்று பட்ஜெட் உரை பெருமையோடு சொன்னது. அப்படியானால் இரண்டு மாதம் கழித்து 30லிருந்து 22க்கு இறங்கிய முழுப் பலனையும் பெற்றவை எஞ்சிய 0.7 சதவீத நிறுவனங்கள். மற்றவற்றுக்குக் கிடைத்தது மூன்று புள்ளி.

அந்த மூன்று புள்ளிகூடக் கிடைக்காதவர்கள்தான் இந்த நாட்டில் அதிகம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில், சிவகாசி அச்சகங்களில், கரூர் ஜவுளியில், பேச்சுவழக்கில் கம்பெனி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சட்டப்படி கம்பெனியே அல்ல. தனிநபர் உரிமை அல்லது பார்ட்னர்ஷிப். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வரி இன்றைக்கும் 30 சதவீதம்தான். ஆண்டு வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 34.94 சதவீதம் ஆகிவிடும். எந்தச் சுமை பொருளாதாரத்தையே முடக்குகிறது என்று சொல்லி அம்பானி, அதானி, டாடா நிறுவனங்களின் தோளிலிருந்து இறக்கினார்களோ, அதே 34.94 சிவகாசி அச்சகக்காரரின் தோளில் அப்படியே இருக்கிறது. கம்பெனி லாபத்தை டிவிடெண்டாக வெளியே எடுத்தால் அதற்கு வேறு வரி உண்டு, பார்ட்னர்ஷிப்பில் அது கிடையாது என்று ஆடிட்டர்கள் நினைவுபடுத்துவார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே எடுக்காமல் தொழிலுக்குள்ளேயே திருப்பிப் போடும் லாபத்தைக் கணக்கில் எடுங்கள். முதலீடு என்பதே அதுதானே? அதற்குப் பெருநிறுவனம் கட்டுவது 25.17, பார்ட்னர்ஷிப் கட்டுவது 34.94. முதலீட்டைப் பெருக்குவதற்கென்றே செய்த சீர்திருத்தம் இது என்கிறார்கள்.

பங்குச்சந்தை ஏறியதே, அது எல்லாருக்கும் லாபம்தானே என்று ஒரு வாதம் உண்டு. 2020 மார்ச்சில் நாட்டிலிருந்த டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. ஒருவருக்கே பல கணக்குகள் இருப்பதை விட்டுவிடுவோம். 130 கோடி மக்களில் மீதிப்பேர் அந்த 1,921 புள்ளிகளைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தார்கள்.

பெருநிறுவனங்கள் மிச்சமான பணத்தை என்ன செய்தன என்பதை அரசியல் எதிரிகள் சொல்லக் கேட்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019-20 ஆண்டறிக்கை சொல்கிறது: கடனை அடைக்கவும் கையிருப்பைப் பெருக்கவுமே அந்தத் தொகை பயன்பட்டது, புதிய மூலதனச் செலவைத் தொடங்கி வைக்கவில்லை. 2022 செப்டம்பரில், வரியைக் குறைத்த அதே நிதியமைச்சர் தொழிலதிபர்கள் கூட்டத்தில் நின்று, இவ்வளவு செய்தும் முதலீடு செய்ய உங்களைத் தடுப்பது எது என்று கேட்டார். தன் பலம் தனக்கே தெரியாத அனுமனைப் போல இருக்கிறீர்களா என்றும் கேட்டார். ராமாயணத்தில் ஜாம்பவான் எடுத்துச் சொன்னதும் அனுமன் கடலைத் தாண்டிவிட்டான். இங்கே மூன்று ஆண்டுகளாகப் பணத்தையும் கொடுத்து, உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் மேலும் 1.97 லட்சம் கோடியை ஒதுக்கி, நிதியமைச்சரே கெஞ்சும் நிலை வந்தது.

2024 ஜூலையில் வந்த பொருளாதார ஆய்வறிக்கை இன்னும் வெளிப்படையாகப் பேசியது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரனின் அலுவலகம் தயாரித்தது அது. 33,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்கைப் பார்த்ததில், 2019-20க்கும் 2022-23க்கும் இடையே வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. ஆள் எடுப்பதும் சம்பளமும் அதற்கு ஈடாக வளரவில்லை. இயந்திரங்களிலும் கருவிகளிலும் தனியார் போட்ட முதலீடு மந்தமாகவே இருந்தது. கட்டடங்களில் போட்டது அதைவிட வேகமாக வளர்ந்தது. 2025 ஜனவரியில் வந்த அடுத்த அறிக்கை, 2023-24இல் பெருநிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியபோது வேலைவாய்ப்பு கூடியது 1.5 சதவீதம் என்றது. நாட்டின் உற்பத்தியில் லாபத்தின் பங்கு பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. முதலாளி நன்றாக இருந்தார். தொழிலாளி?

இனி விட்டுக்கொடுத்த பணத்தின் மறுபக்கம். எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் பகுதியில்தான். அரசின் செலவு நிற்பதில்லை. ஒரு கதவில் வெளியே போன பணத்தை இன்னொரு கதவில் உள்ளே கொண்டுவந்தாக வேண்டும். வரிக்குறைப்பால் 2019-20, 2020-21 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏற்பட்ட இழப்பு சுமார் 1.84 லட்சம் கோடி என்று நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை பிற்பாடு சொன்னது. கொரோனா வந்து எல்லா வருவாயும் விழுந்தபோது அரசு கைவைத்தது எதன்மீது? 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை ஏற்றியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 19.98 ரூபாயாக இருந்தது 32.98 ஆனது. டீசலுக்கு 15.83 ரூபாய் 31.83 ஆனது, அதாவது இருமடங்கு. அந்த ஏப்ரலில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலர்தான். உலகமே எண்ணெயை மலிவாக வாங்கியபோது நம் லாரிக்காரருக்கும் மீனவருக்கும் டிராக்டர் ஓட்டும் விவசாயிக்கும் அந்த மலிவு வந்து சேரவில்லை. பெட்ரோல், டீசல் கலால் வரியாக மத்திய அரசு வசூலித்தது 2019-20இல் 1.78 லட்சம் கோடி, 2020-21இல் 3.72 லட்சம் கோடி. கூடுதலாக வந்த தொகை மட்டும் 1.94 லட்சம் கோடி. பெருநிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டுகளில் விட்டுக்கொடுத்ததை ஒரே ஆண்டில், ஊரடங்கில் முடங்கிக் கிடந்த மக்களிடம் வசூலித்தாயிற்று.

கொரோனா யாரும் எதிர்பாராதது, அரசுக்கு வேறு வழியில்லை என்பார்கள். வழி இருந்தது. பொருளாதாரம் சுருங்கிய அந்த ஆண்டில் பட்டியலிடப்பட்ட பெருநிறுவனங்களின் லாபம் கூடியது. 22 சதவீதத்தை ஓரிரு ஆண்டுகளுக்கு 25 ஆக்கியிருந்தால் யாரும் ஓடிப்போயிருக்கமாட்டார்கள். அது ஒருவர் வாயிலும் வரவில்லை. கலால் வரியை 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்குள் டீசல் விலை காய்கறியிலும் அரிசியிலும் பேருந்திலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. 2022 ஜூலையில் பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கும் தயிருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது.

மாநிலங்களுக்கு இதில் இரட்டை அடி. கார்ப்பரேட் வரி மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வரி. அன்று மாநிலங்களின் பங்கு 42 சதவீதம். செஸ், சர்சார்ஜ் போகக் கணக்குப் பார்த்தால் 1.45 லட்சம் கோடி இழப்பில் ஏறக்குறைய 50,000 கோடி மாநிலங்களுடையது. அதில் தமிழ்நாட்டின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி. 2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 31,000 பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபோது ஒதுக்கிய தொகை 404 கோடி. ஐந்து ஆண்டுகளுக்கான காலை உணவு ஒரே ஆண்டில் போனது. ஆனால் பெட்ரோலில் ஏற்றியதோ பெரும்பாலும் செஸ்ஸாகவும் சிறப்புக் கூடுதல் வரியாகவும் ஏற்றப்பட்டது. லிட்டருக்கு 32.98 ரூபாய் என்றிருந்தபோது மாநிலங்களோடு பகிரவேண்டிய அடிப்படைக் கலால் அதில் 2 ரூபாய் 98 காசு மட்டுமே. மீதி 30 ரூபாய் முழுவதும் மத்திய அரசுக்கு. கொடுக்கும்போது மாநிலங்களின் பையிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கும்போது தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

2019 ஜூலை 5 அன்று தன் முதல் பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் புறநானூற்றிலிருந்து பிசிராந்தையாரை எடுத்துக்காட்டினார். அறிவுடை நம்பி என்ற பாண்டியனுக்குப் புலவர் சொன்ன அறிவுரை அது: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமே யானைக்குப் பல நாள் போதும், யானை தானே வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி. அவையில் மேசையைத் தட்டினார்கள். அந்த பட்ஜெட்டில் இரண்டு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குச் சர்சார்ஜையும் உயர்த்தியிருந்தார். ஐந்து கோடிக்கு மேல் 37 சதவீதம். பங்குச்சந்தை முணுமுணுத்தது. பதினோரு வாரத்துக்குள் அறுவடை முழுவதும் பெருநிறுவனங்களுக்குப் போனது. அடுத்த ஆண்டு யானை டீசல் விலையாக எளியவர்களின் வயலுக்குள் புகுந்தது. 37 சதவீதச் சர்சார்ஜும் 2023இல் புதிய வரித் திட்டத்தில் 25 ஆக இறக்கப்பட்டது. பிசிராந்தையார் யாருடைய வயலைக் காக்கச் சொன்னார் என்பதை அந்த உரையை எழுதியவர்கள் படித்துத்தான் எழுதினார்கள் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. வரியைக் குறைத்த பிறகும் கார்ப்பரேட் வரி வசூல் ஏறியிருக்கிறதே? ஏறியிருக்கிறது. 2018-19இல் 6.6 லட்சம் கோடி, 2022-23இல் 8.3 லட்சம் கோடி, 2023-24இல் 9.1 லட்சம் கோடி. ஆனால் எதிலிருந்து ஏறியது? 2019-20க்கும் 2022-23க்கும் இடையே லாபம் ஏறத்தாழ நான்கு மடங்காக, வரி வசூல் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. தொடக்க ஆண்டில் பல நிறுவனங்கள் நட்டக் கணக்குக் காட்டியதால் அடித்தளமே தாழ்ந்திருந்தது என்பதற்குத் தாராளமாகக் கழித்துக்கொண்டாலும் இந்த இடைவெளி மறையாது. 2018-19க்கும் 2023-24க்கும் இடையே தனிநபர் வருமான வரி 4.7 லட்சம் கோடியிலிருந்து 10.4 லட்சம் கோடியாகி, கார்ப்பரேட் வரியைத் தாண்டிவிட்டது. கம்பெனிகள் கட்டுவதைவிட அவற்றில் வேலை பார்ப்பவர்களும் மற்ற தனிநபர்களும் சேர்ந்து கட்டுவது அதிகம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

வரி எவ்வளவு உயர்ந்தாலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 1973-74இல் இந்தியாவில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். அது மூடத்தனம், கறுப்புப் பணத்தை வளர்த்தது. அந்த நிலையிலிருந்து குறைத்தது சரியே. 1974இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் லாஃபர் துண்டுத்தாளில் வரைந்து காட்டியதாகப் புகழ்பெற்ற வளைகோடு சொல்லும் உண்மையும் இவ்வளவுதான்: நூறு சதவீத வரி போட்டால் வசூல் இருக்காது. ஆனால் 97இலிருந்து இறங்கியதற்குச் சொன்ன காரணத்தை 30இலிருந்து 22க்கு இறங்கவும் சொல்வது ஏமாற்று. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தைக் காய்ச்சல் போன பிறகும் கொடுத்துக்கொண்டே இருக்க எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

லாஃபரின் சொந்த நாட்டில் என்ன ஆயிற்று? கேன்சஸ் மாநிலத்துக்கு ஆலோசகராகச் சென்றவர் அவர்தான். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டி, தனியுரிமை, கூட்டுத்தொழில் போன்றவற்றின் லாபத்துக்கு மாநில வரியே இல்லை என்றாக்கினார். வருவாய் சரிந்தது. கடன் தரமதிப்பீடு இறங்கியது. சாலைக்கான நிதியை எடுத்து அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்தினார்கள். 2015இல் சில பள்ளி மாவட்டங்கள் காசில்லாமல் கல்வியாண்டைச் சீக்கிரமே முடித்துக்கொண்டன. வேலைவாய்ப்போ நாட்டின் சராசரிக்குப் பின்னால்தான் வளர்ந்தது. 2017இல் அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சியினரே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவருடைய மறுப்பையும் மீறி வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கடைசியில் ட்ரம்ப் அரசு நாடு முழுவதற்கும் கார்ப்பரேட் வரியை 35இலிருந்து 21 ஆக்கியது; சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். மறு ஆண்டு பெருநிறுவனங்கள் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்க 80,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், மேல்தட்டுப் பத்து சதவீதத்தினருக்குக் கீழே இருந்த ஊழியர்களின் ஊதியத்தில் மாற்றமே தெரியவில்லை என்று கண்டார்கள். பதினெட்டு வளர்ந்த நாடுகளின் ஐம்பது ஆண்டு வரலாற்றை லண்டன் பொருளியல் பள்ளி வழியே ஆராய்ந்த ஹோப், லிம்பெர்க் இருவரும் 2020இல் வந்து சேர்ந்த முடிவும் இதற்கு அருகில்தான்: செல்வந்தர்களுக்கான பெரிய வரிக்குறைப்புகள் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினரின் பங்கைக் கூட்டின, வளர்ச்சியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க விளைவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே, நம் மொழி பேசுபவர்கள் விலை கொடுத்த கதையும் உண்டு. 2019 நவம்பரில் இலங்கையில் ஆட்சிக்கு வந்த கோட்டாபய ராஜபக்ச, சில வாரங்களிலேயே வரிகளை வெட்டினார். கம்பெனி வரி 28இலிருந்து 24. தனிநபர் உச்ச விகிதம் 24இலிருந்து 18. வருமான வரி விலக்கு வரம்பு 30 லட்சம் ரூபாய்க்கு உயர்ந்தது. வாட் வரி 15இலிருந்து 8 ஆனதோடு, ஆண்டுக்கு 30 கோடி ரூபாய்க்குக் கீழே விற்பனை செய்பவர்கள் பதிவு செய்யவே வேண்டாம் என்றானது. வாட் குறைந்ததில் ஏழைகளுக்கும் கொஞ்சம் பலன் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பங்கு மேலே இருப்பவர்களுக்குப் போனது. நாட்டின் உற்பத்தியில் 12 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்த வரி வருவாய் மறு ஆண்டே 8 சதவீதமளவுக்கு விழுந்தது. தரமதிப்பீடு சரிந்து வெளிநாட்டுக் கடன் சந்தை கதவை மூடியது. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. கொரோனா, சுற்றுலா வீழ்ச்சி, இரசாயன உரத் தடை, பழைய கடன் எல்லாம் சேர்ந்தே அந்த நாட்டைச் சாய்த்தன. ஆனால் அடி விழும் நேரத்தில் தாங்குவதற்கு இருந்த தூணை முதலில் அகற்றியது வரிக்குறைப்பு. 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பித் தர இயலாது என்று இலங்கை அறிவித்தது. அந்தச் செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. 87 ரூபாயாக இருந்த ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாயானது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறுபடகு ஓட்டும் மீனவருக்கும், மலையகத்தில் லயன் வீடுகளில் அடுப்பெரிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அது உயிர்ப்பொருள். 8 ஆக்கப்பட்ட வாட் 2024 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கி, நிதியமைச்சின் முன்னாள் பொறுப்பாளர்களும் காரணம் என்று 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் வரி மிச்சம் பார்த்தவர்கள் எதையும் திருப்பித் தரவில்லை.

இந்திய அரசுக்கும் இது புரியாமல் இல்லை. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்து, ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடியை விட்டுக்கொடுத்தார்கள். மக்கள் கையில் பணம் இருந்தால் நுகர்வு கூடும் என்பதே சொன்ன காரணம். அந்தச் செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜிஎஸ்டியைக் குறைத்தார்கள். காரணம் அதேதான். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 12 லட்சம் என்பது கனவுத்தொகை. இருந்தாலும் திசை சரி. ஆர்டர் வந்தால்தான் மெஷின் ஓடும், வாங்குபவர் கையில் காசு இருந்தால்தான் ஆர்டர் வரும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தப் பழைய 22 சதவீதத்தை யாரும் தொடவில்லை. பங்கு விற்ற நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதமும், உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு 30 சதவீதம் வரையும் என்ற ஏற்பாட்டையும் யாரும் தொடவில்லை.

சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலீடு செய்தவருக்குக் கொடுக்கலாம். 2013 முதல் 2017 மார்ச் வரை வருமான வரிச் சட்டத்தில் 32ஏசி என்ற பிரிவு இருந்தது. உற்பத்தி நிறுவனம் ஒன்று புதிய இயந்திரங்களை நிர்ணயித்த அளவுக்கு வாங்கி நிறுவினால், தேய்மானத்துக்கு மேல் அந்தச் செலவில் 15 சதவீதத்தைக் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம். மெஷின் வந்து இறங்கியிருக்க வேண்டும். சும்மா லாபம் காட்டினால் கிடைக்காது. அந்தப் பிரிவைச் சிறு தொகைக்கும், பார்ட்னர்ஷிப்புக்கும் பொருந்தும்படி மாற்றித் திரும்பக் கொண்டுவந்து, முதலீடு செய்யாத பெருநிறுவனங்களின் வரியை 30 சதவீதத்துக்குத் திருப்ப வேண்டும். பார்ட்னர்ஷிப்பின் வரியைச் சிறு கம்பெனிக்கு உள்ள விகிதத்துக்கு இறக்க வேண்டும். இதற்கு அவசரச் சட்டம் தேவையில்லை. அடுத்த நிதி மசோதாவில், நாடாளுமன்றத்தில் விவாதித்தே செய்யலாம்.